சாய்ந்தமருது மையவாடியில் ஒரு கேம்பிரியன் கல்

1954 மாசி. காலை ஆறு மணிக்கு மட்டக்களப்பு. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் முதுகு ஒடிய வந்திறங்கிய என்னைக் கல்முனை பஸ் வேறு காக்க வைத்தது. இருபத்தைந்து மைல் பாதை. பாதித் தூரம் நின்றுகொண்டே போனேன். வேறு நாளென்றால் கண்டக்டரோடு சண்டை பிடித்திருப்பேன். அன்று சட்டைப் பையில் ஒரு கல் துண்டு இருந்தது, அதனால் பொறுத்துக்கொண்டேன்.

கல்லாகிப்போன ஓடுகளை இனம் பிரித்துக் காலம் சொல்வது கொழும்பு நூதனசாலையில் என் உத்தியோகம். கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில் மீன்பிடிக்கும் இஸ்மாலெவ்வை அந்தத் துண்டை எங்களுக்கு அனுப்பியிருந்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கடுகளவு ஓடுகள்; தொப்பி போலக் குவிந்து, நுனி சற்றே சுருண்டிருந்தன. நத்தைக்கெல்லாம் முப்பாட்டன்மார், கேம்பிரியன் காலத் தொடக்கத்தவை, ஐம்பது கோடி வருடத்துக்கும் முந்தியவை! இலங்கையில் எவரும் கண்டதில்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பத்து மணிக்கு இஸ்மாலெவ்வை தேத்தண்ணி தந்து, நேரே மையவாடிக்கு, ஊர் முஸ்லிம்களின் இடுகாட்டுக்கு, கூட்டிப்போனார். அந்தத் துண்டை உடைத்தெடுத்த பெருங்கல் அங்கே ஒரு சின்னக் கபுறின் தலைமாட்டில் மீசானாக, புதைத்த இடத்தின் அடையாளக் கல்லாக, நின்றது.

"என்ட மகள் சேர். கடக்கரையில இதக் கண்டெடுத்தது அவதான். போன மாரியில காய்ச்சல் வந்து மௌத்தாகிட்டா. அவ ஆசப்பட்ட கல்லெண்டு இதையே நட்டன்."

கல்லைத் தொட நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"கண்ணாடிப் பெட்டியில வெச்சி, எடுத்த ஆள்ட பேரையும் எழுதுவீங்களாமே? எழுதினாக் கொண்டு போங்க. நான் வேற கல்லு நடுறன்."

"எழுதுவோம்" என்றேன். பிறகுதான் எடுத்த இடத்தைக் கேட்டேன்.

"பாய்க்கப்பல் ஒண்டு உடைஞ்சி கிடந்த இடம். இப்பிடிக் கல்லு அங்க நிறையக் கிடந்திச்சி."

போச்சு! கப்பல் சரியாமலிருக்க அடியில் பாரத்துக்குப் போடும் கல். எந்த நாட்டுப் பாறையோ, யார் கண்டது? எந்தப் பாறையில் பிறந்ததென்று தெரியாத ஓடுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டால் கல் எனக்குக் கிடைக்கும், ஆராயலாம். ஆனால் அந்த மனிதர் ஒருநாள் கொழும்புக்கு வந்து பெயரைத் தேடுவாரே! உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"அப்ப அவட பேரு வராதா?"

"வராது அண்ணே. கல்லுக்கு ஊர் தெரியாதே."

அவர் குனிந்து மீசானில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார்.

"கல்லுக்குத்தானே சேர் ஊர் தெரியா? என்ட மகள் இந்த ஊர்ப் புள்ளதானே. அவட பேர மட்டுமாவது எங்கயாச்சும் எழுதேலாதா?"

கல்லை அங்கேயே விட்டுவிட்டு, பகல் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது, அவள் பெயரை நான் கேட்கவே இல்லை.