கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கல்யாண வீடுகளில் பாடிப் பெயரெடுத்த என் கணவர், சொந்தமாக ஒரு காதல் பாட்டு அல்பம் போட்டார். ஒலிப்பதிவு புளியந்தீவில் ஒரு ஸ்டூடியோவில் நடந்தது. அவருடைய தொண்டைக்காக இஞ்சி போட்ட பிளேன்ரீயைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு நானும் போனேன். அவர் உள்ளே பாட, நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டே சரிவரவில்லை. உள்ளே போய் அவரோடு பேசிவிட்டு வந்த ஒலிப்பதிவாளர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“குறை நினைக்காதீங்க அக்கா. நீங்க முன்னுக்கு இருந்தா அண்ணனுக்குக் காதல் வருதில்லயாம். கொஞ்சம் வெளியில இருங்களன்.”

வாவிக்கரையில் போய் இருந்து அந்தப் பிளேன்ரீ முழுவதையும் நானே குடித்தேன். அவருக்கு ஒரு மிடறுகூட வைக்கவில்லை.

வெளியீட்டு விழா மேடையில், யாரை நினைத்துப் பாடினீர்கள் என்று அவரிடம் கேட்டார்கள்.

“வேற ஆர், என்ட மனிசியத்தான்” என்று என்னைக் காட்டினார். சபை கைதட்டியது.

“குடுத்து வெச்சவ நீங்க” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. காது மடல் எரிய, ஓம் என்று தலையாட்டினேன்.

இப்போது அந்த முதல் பாட்டுத்தான் என் போனுக்கு ரிங்டோன். நானேதான் வைத்தேன். சந்தையில் அது அடித்தால் உடனே எடுப்பதில்லை. நாலு பேர் திரும்பிப் பார்க்கும்வரை பாடவிடுகிறேன்.