நடந்து வந்த எல்லைக்கல்

போன மாதம் இலங்கை மலையகத்தில் கினிகத்தேனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கையில் ஒரு பழைய நில அளவைப் பிளான். பிரதேச சபைகள் வருவதற்கு முன்னால் அங்கே இருந்த கிராமச் சபையின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். எனக்கும் வேறு வேலை இல்லையே...

பிளானில் மேலே கிராமம். கீழே தோட்டம் — வெறும் வெள்ளை. நடுவில், பெரிய பாறையை ஒட்டி ஓர் எல்லைக்கல். சபை போட்ட ரோடு, மதகு, விளக்கு எல்லாம் அந்தக் கல்லோடு சரி. அதற்குக் கீழே இருந்த நம் தோட்டத் தொழிலாளர்கள் சபையின் கண்ணில் மனிதர்களே இல்லை. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

பாறை கிடைத்தது. கல்லைக் காணோம்.

பக்கத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த செல்வியிடம் கேட்டேன். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருப்பவர்.

“கல்லுங்களா? வாங்க சேர். சாமி எங்க வீட்டுக்குப் பின்னாலதான் இருக்காரு.”

கூட்டிப்போனார். பாறைக்கு நன்றாகக் கீழே, பட்டப்பகலில் பக்கத்துக் கூரை தெரியாத பனிமூட்டத்துக்குள், மஞ்சளும் குங்குமமுமாய் நின்றது. பொட்டைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். சபையின் பெயரைச் செதுக்கிய எழுத்துகள். அதே கல்தான்.

“யாரு இங்க தூக்கிட்டு வந்தது?”

“யாரும் தூக்கலைங்க. அவராத்தான் வர்றாரு, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா.” செல்வி குரலைத் தாழ்த்தினார். “எங்க வீட்டத் தாண்டிக் கீழ போயிட்டாருன்னா நாங்களும் சபைக்குள்ள வந்துருவோம். அப்ப ரோடு, தண்ணி எல்லாம் குடுக்கணும் இல்லீங்களா?”

அந்தச் சபையைக் கலைத்து எத்தனையோ வருடம் ஆயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல் எங்கேயாவது நடக்குமா? பனி சற்று விலகியபோது சுற்றிப் பார்த்தேன். தேயிலைச் செடிகள் வரிசையோடு கீழே சாய்ந்திருந்தன. லயத்தின் பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. நடந்து வந்தது கல் இல்லை — மலை.

“பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு இன்னைக்கே கெளம்புங்க. மண்ணு சரியுது.”

“சாமி நிக்கையில எப்புடிங்க சரியும்?”

கெஞ்சினேன். திட்டினேன். கடைசியில் பிள்ளைகளின் புத்தகப் பைகளைத் தூக்கிக்கொண்டு நானே முன்னால் நடந்தேன். கல்லுக்குச் சூடம் கொளுத்திவிட்டுத்தான் செல்வி கிளம்பினார். அவரைப் பார்த்து மற்றக் காம்பராக்காரர்களும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது.

பிறகு நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை செல்வியின் போன்.

“லயமே போயிருச்சு சேர். கல்லு மட்டும் நிக்குது... எங்க காம்பரா இருந்த எடத்துக்கும் கீழ. சாயக்கூட இல்ல.”

பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப, எங்க வீடு இப்ப சபைக்குள்ள வந்துருச்சுங்களா?”