ஃபோர்மேனக்கா கடலுக்குப் போன நாள்

இருபத்திரண்டு வருடம் கடற்படைக் கப்பல்களின் வயிற்றுக்குள்ளேயே கிடந்தவள் ஒரு தடவைகூடக் கடலுக்குப் போனதில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் ஏறியதெல்லாம் கரையில் கயிறு போட்டுக் கட்டிய கப்பல்கள். பழுதோடு வரும், அவளும் அவளுடைய ஆட்கள் பதினோரு பேரும் இறங்கி என்ஜினைப் பிரித்துப் பூட்டுவார்கள். கப்பல் கிளம்பும்போது எண்ணெய்க் கையை ஆட்டி வழியனுப்புவதோடு சரி.

பணிமனையில் எல்லாருக்கும் அவள் ஃபோர்மேனக்கா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வாசல் காவலாளி, "கேண்டீன் அந்தப் பக்கம்மா" என்று கை காட்டினார். அவளும் மறுப்புச் சொல்லாமல் கேண்டீனுக்குப் போய் நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு, அங்கிருந்து நேரே என்ஜின் கூடத்துக்கு நடந்தாள். ஃபிட்டராகச் சேர்ந்தவள் குழுத் தலைவியானது அவள் காதால். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற என்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடுவாள். "ஏழாவது சிலிண்டர். வால்வு லூசு" என்பாள். பிரித்தால் அப்படியே இருக்கும்.

"அந்தக் காது வீட்ல மட்டும் வேலை செய்யாது" என்பார் அவள் கணவர். தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர். பத்துத் தடவை கூப்பிட்டாலும் குரல் உயராத மனிதர்.

அந்த வருடம் ஒரு போர்க்கப்பலின் பதினாறு சிலிண்டர் டீசல் என்ஜினை நாற்பத்து மூன்று நாள் பாடுபட்டுப் புதுப்பித்தார்கள். முடிந்ததும் கேப்டன் கூப்பிட்டனுப்பினார். "நாளைக்குக் கடல்ல ஓட்டிப் பாக்கப் போறோம் மேடம். முழு வேகத்துல நாலு மணி நேரம். நீங்களும் கூட வரணும்."

"சரி சார்" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தவள், ஆளில்லாத நடைவழியில் மூன்று படியை ஒரே தாவலில் தாவி இறங்கினாள். பார்த்தது ஃபிட்டர் கிரீஸ் மட்டும். எத்தனை சோப்புப் போட்டாலும் கருமை போகாத கைக்காரன்; அதனால் அந்தப் பெயர்.

"என்னக்கா, கால் சுளுக்கா?"

"வாயை மூடுடா. நாளைக்கு நாம கடலுக்குப் போறோம்!"

மறுநாள் காலை, அலைதடுப்புச் சுவரைத் தாண்டிய ஐந்தாவது நிமிடம், முதல் பெரிய அலை கப்பலைத் தூக்கிப் போட்டது. அவள் வயிறு மேலேயும் உடம்பு கீழேயும் போயின. கிரீஸ் சமயோசிதமாக ஒரு வாளியை நீட்டினான். அதற்குப் பிறகு ஒரு கையில் வாளி, ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர். அந்தக் கோலத்திலேயே அவள் பதினாறு சிலிண்டரையும் சுற்றி வந்தாள்.

வேகம் கூடியது. என்ஜின் வெண்ணெயாக ஓடியது. முக்கால் வேகத்தைத் தொட்டதும்தான் இரைச்சலையும் மீறி ஒரு சத்தம். கிணிங்... கிணிங்... கிணிங்.

என்ஜின் அதிகாரியின் முகம் வெளுத்தது. வேகத்தைக் குறைத்தால் சத்தம் நின்றது. கூட்டினால் திரும்ப வந்தது. "பேரிங்கா இருந்தா போச்சு. திரும்பிப் போய் மொத்தத்தையும் பிரிக்கணும்" என்றார்.

"அக்கா, நம்ம மானம் கப்பலேறப் போகுது" என்றான் கிரீஸ்.

"அதுவும் நம்மகூடவேதான்டா ஏறிச்சு" என்று சொல்லி, வாளியை அவனிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டாள். பேரிங்குகளைக் கேட்டாள். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. அப்படியே மண்டியிட்டு, முனையை இரும்புத் தரைத்தகட்டில் வைத்தாள். கிணிங்! "இதுக்குக் கீழதான். வேகத்தைக் குறைச்சிட்டுத் தகட்டைத் தூக்குங்க."

தூக்கினார்கள். குழாய்க்கும் சட்டத்துக்கும் நடுவே ஓர் எவர்சில்வர் தம்ளர் சிக்கிக்கொண்டிருந்தது. கிரீஸ் அதை எடுத்துத் துடைத்து அடியைத் திருப்பிப் பார்த்தான். ஆணியால் கீறிய இரண்டு எழுத்து: 'அக்'. மூன்று வாரம் முன்பு அவள் டீ தம்ளர் காணாமல் போனபோது, பதினோரு பேரையும் வரிசையில் நிறுத்தி, போலீஸ் தோற்கும்படி விசாரித்திருந்தாள்.

"திருடன் கிடைச்சிட்டான்கா" என்றான் கிரீஸ், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு.

முதலில் சிரித்தது அவள்தான். பிறகு அதிகாரி, பிறகு எல்லாரும். சிரித்த சிரிப்பில் வயிற்றுக் குமட்டல் எங்கே போனதென்றே தெரியவில்லை. "பதினோரு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்டா, தனித்தனியா!" என்றாள் கண்ணைத் துடைத்தபடி.

முழு வேகத்தில் ஓடத் தொடங்கி மூன்று மணி நேரம் கழிந்ததும் கேப்டன் அவளை மேல்தளத்துக்கு அழைத்தார். கதவைத் திறந்ததும் காற்று அவளைப் பின்னுக்குத் தள்ளியது. முன்னால் கரையென்று எதுவும் இல்லை. தண்ணீர் வெள்ளையாகப் பிளந்து இரண்டு பக்கமும் பறந்தது, முகமெல்லாம் உப்பு. இத்தனை எடையையும் தள்ளுவது தன் கையால் பூட்டிய என்ஜின் என்று நினைத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"எப்படி இருக்கு மேடம்?"

"இன்னும் வேகம் இருந்தா குடுங்க சார்!"

"இதுக்கு மேல வேகம் வேணும்னா நீங்கதான் செஞ்சு தரணும்!"

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தெரு அலையாக ஆடியது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் இப்படியும் அப்படியும் சாய்வதைக் கணவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்னம்மா, போட்டிருக்கியா?"

"கடலையே குடிச்சிட்டு வந்திருக்கேங்க" என்று சொல்லி அவர் கையைப் பிடித்தாள். அவரும் அவள் சாய்ந்த பக்கமெல்லாம் சாய்ந்து நடந்தார். மாடிப்படியில் நின்று பார்த்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.