கிணறு இருக்கு, தண்ணி இல்லை

ஊராரைக் கேட்டு ஊரின் வரைபடம் போடுகிற வேலையில் முதலில் தொலைந்து போகிறவன் வரைபடம் போடுகிறவன்தான்.

போருக்குப் பிந்திய மீள்குடியேற்றக் காலத்தில் மன்னாரில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக இந்த வேலையைப் பார்த்தேன். அரிப்பு என்கிற ஊருக்கு அங்காலே ஒரு கரையோர ஊர் என் தலையில் விழுந்தது. முகாமிலிருந்து திரும்பித் தகரக் கொட்டில்களில் இருந்த மீன்பிடிக் குடும்பங்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, குடிதண்ணீர். கிழமைக்கு இரண்டு தரம் பவுசர் என்கிற தண்ணீர்த் தாங்கி லொறி வரும். பாழாய்க் கிடந்த ஊர்க் கிணற்றை யாராவது இறைத்துத் துப்புரவாக்கித் தந்தால் பவுசரும் தேவையில்லை. பவுசர் எங்கே போவது, எந்தக் கிணற்றை இறைப்பது என்பதை எங்கள் அலுவலகமான கந்தோர் என் வரைபடத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கும். அது எனக்கு அப்போது பெரிய பெருமை. படிவமும் பேனையுமாக வீடு வீடாக அலைந்து, யாரோ சொன்ன வழியில் போய் முள்ளுக்குள் நின்றவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நீங்களாவது என்னைத் திட்டாமல் வாசியுங்கள்.

எந்தப் பக்கம் வலப்பக்கம்?

மாதா கோயில் கொட்டிலில் ஊரின் வான்படத்தைப் பெரிதாக அச்சடித்து விரித்தேன். வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி, பாதைக்குப் பச்சைக் கோடு, கிணற்றுக்கு நீலப் புள்ளி. எவரும் வந்து குறிக்கலாம், எவரும் திருத்தலாம். சவிரியான் அண்ணை அந்த ஊரில் மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், அவர் சொன்னால் மறுபேச்சில்லை. கிணறு எங்கே என்றேன். கோயிலுக்கு வலப்பக்கம், ஒரு கூப்பிடு தூரம் என்றார்.

நான் உயிலங்குளத்தான். வயலையும் குளக்கட்டையும் பார்த்து வளர்ந்தவன். றோட்டில் நின்று கோயிலைப் பார்த்து, வலப்பக்கம் நடந்தேன். உடைமரங்களுக்கு நடுவே மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்றது. மிதிவெடி இன்னும் எடுக்காத காணி. வந்த கால்தடத்திலேயே ஒவ்வொன்றாகக் கால் வைத்துப் பின்பக்கமாகவே திரும்பி வந்தேன். கிணறு கோயிலின் மற்றப் பக்கத்தில் இருந்தது. பனையோலையும் துருப்பிடித்த பீப்பாக்களும் நிறைந்து நாறிக் கிடந்தது. கோபத்தோடு சவிரியான் அண்ணையிடம் போனேன். அவர் பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அது கடல்ல நிண்டு பாக்கிற வலம், தம்பி. றோட்டில நிண்டு ஆர் ஊரைப் பாக்கிறது?"

மூன்று நீலப் புள்ளி

வாய்ச்சொல்லை நம்பினால் உயிர் போகும் என்று தெரிந்துகொண்டு, இடத்தைப் பதிகிற ஜிபிஎஸ் கருவியை ஊராரிடமே கொடுத்தேன். கிணற்றடிக்குப் போய் ஒரு பொத்தானை அமத்தினால் போதும். சவிரியான் அண்ணை ஒரு நாள் கொண்டுபோனார். கோயில் உபதேசியார் ஒரு நாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோசலின் அக்கா ஒரு நாள். மாதா கிணறு, பள்ளிக்கூடக் கிணறு, ஆமிக் கிணறு என்று மூன்று பெயரோடு மூன்று புள்ளிகள் வந்தன. ஒன்றுக்கொன்று எவ்வளவோ தள்ளி இருந்தன. மூன்று கிணறு என்று நீலத்தில் குத்தி அனுப்பினேன்.

அடுத்த கிழமையே பவுசர் நின்றுவிட்டது. ரோசலின் அக்கா ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் தண்ணீர்க் கலனுமாகப் பக்கத்து ஊரிலிருந்து வெயிலில் நடந்து வந்ததைக் கண்டேன். பிறகு விசாரித்தால், இருந்தது அந்த ஒரே கிணறுதான், மூன்று பெயரும் அதற்கே. நாற்றம் தாங்காமல் ஒருவரும் கிட்டப் போகவில்லை. காற்று எந்தப் பக்கம் வீசியதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு பொத்தானை அமத்தியிருக்கிறார்கள். கந்தோருக்கு ஓடினேன். அங்கே பொறுப்பாக இருந்த பெரியவர் என் படத்தையே எனக்குத் திருப்பிக் காட்டினார்: "மூண்டு கிணறு இருக்கிற ஊருக்குப் பவுசர் என்னத்துக்கு? ஒண்டுமே இல்லாத ஊருகள் கிடக்குது."

திருத்தம்

பவுசர் நின்ற காரணத்தை ஊரில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலை பார்த்தால், படத்தில் மூன்று நீலப் புள்ளியையும் சவர அலகால் சுரண்டி எடுத்திருந்தார்கள். கடதாசி ஒரு இடத்திலும் கிழியவில்லை, அவ்வளவு பக்குவம்.

ஒன்றையாவது விடுங்கள், அது உள்ள கிணறல்லவா என்று கெஞ்சினேன். ஒருவரும் கேட்கவில்லை. ஊரார் தந்த தகவலில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். இல்லாத இரண்டை நம்பி அனுப்பியவன், உள்ள ஒன்றை மறைத்து அனுப்பலாமா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அனுப்பினேன். பவுசர் திரும்பி வந்தது. சவிரியான் அண்ணை ஒரு கோர்வை ஓரா மீனை என் சைக்கிளில் கட்டிவிட்டார்: "இப்பதான் தம்பி உங்கட படம் சரியா வந்திருக்கு."

பட்டியலில் இல்லாத கிணறு

இரண்டு மாதம் கழித்து, கிணறு இறைக்கிற ஆட்கள் பம்பு மெசினோடு லொறியில் வந்தார்கள். அரிப்புப் பக்கத்தில் அவர்களுக்கு அதுதான் கடைசி நாள். இந்த ஊரில் நிற்கவில்லை. நிற்பதற்கு அவர்கள் பட்டியலில் இங்கே கிணறில்லை. ரோசலின் அக்கா பிள்ளையோடு போய் றோட்டுக்கு நடுவில் நின்றுவிட்டா. லொறிக்காரர் கந்தோர் கொடுத்த என் படத்தைக் காட்டினார், அதில் வெறும் நிலம். அக்கா கையை நீட்டி நேரே கிணற்றைக் காட்டினா. அவர் படத்தையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பேனையை எடுத்து, அவர் படத்தில் என் கையாலேயே ஒரு நீலப் புள்ளி குத்தினேன். கந்தோரில் என் வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு.

பின்னேரம் வரை பம்பு ஓடியது. பீப்பாக்கள் வந்தன, கரிய சேறு வந்தது, கடைசியில் தெளிந்த தண்ணீர் ஊறத் தொடங்கியது. அக்கா அள்ளிக் குடித்துவிட்டுப் பிள்ளையின் முகத்தைக் கழுவினா. எனக்குச் சந்தோசத்தை விட வெட்கம்தான் கூட. அதை மறைக்க, உள்ள கிணற்றை ஏன் அக்கா சுரண்டினீர்கள், இன்றைக்கு லொறி போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று அதட்டினேன். அக்கா என்னைப் பார்த்துக் கேட்டா: "கிணறு இருக்கு, ஆனா குடிக்கத் தண்ணி இல்லை எண்டு குறிக்க நீங்கள் எங்களுக்கு ஒரு நிறம் தந்தனீங்களோ?"

ஊரைக் கேட்டுப் படம் போடுவது மிகவும் சுலபமான வேலைதான், ஊரிடம் எதைக் கேட்பது என்று மட்டும் தெரிந்திருந்தால்.