மறுவீட்டுச் சொதி

எனக்கு எழுபத்தாறு முடிந்துவிட்டது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவது, என் வீட்டுக்காரரின் தங்கை. நான் கல்யாணமாகித் தச்சநல்லூருக்கு வந்தபோது அவள் தாயில்லாத மூன்று வயதுப் பிள்ளை. எனக்குப் பதினைந்து. மதினி, மதினி என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தாள். பதினாறு வயதில் அவளை முக்கூடலில் கட்டிக்கொடுத்தோம்.

எழுத்துக் கூட்டித்தான் எனக்கு எழுத வரும். ஆனாலும் இதை வேறு யார் கையாலும் எழுத விடமாட்டேன்.

கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குக் குழம்பு பற்றாமல் போய்விட்டது. மாப்பிள்ளையின் தாயார் இலையில் இருந்தபடியே, எல்லார் காதிலும் விழும்படி, "தச்சநல்லூர்ல ரசத்தைத்தான் குழம்புன்னு சொல்லுவாவளோ?" என்று கேட்டார்கள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரியே மறுவீட்டு விருந்துக்குத் தேங்காய் எண்ணி எடுத்து வைத்தேன்.

மறுவீட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வரும்போது எங்களில் சொதிதான் வைப்போம். பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் வேக, இரண்டாம் பால் மூன்றாம் பாலில் கொதிக்கவிட்டு, கடைசியில் தேங்காயின் முதல் பாலை ஊற்றி உடனே இறக்கிவிட வேண்டும். அதன்பிறகு அடுப்பில் ஏற்றினால் திரிந்துபோகும். இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, சூட்டோடு பரிமாற வேண்டும். வயிற்றில் மந்தமாக நிற்கும் என்று கூடவே இஞ்சிப் பச்சடி.

சமையலுக்கு வந்த தவசுப்பிள்ளை என்னைவிட இருபது வயது மூத்தவர். உச்சிப்பொழுதுக்கு முன்பே எல்லாம் தயார். முதல் பாலை மட்டும் தனியாக மூடி வைத்திருந்தார்.

"வண்டிச் சத்தம் கேக்கட்டும் தாயி. பொறவு ஊத்துதேன்."

"வந்தவங்களை இலை முன்னால காக்க வைக்கவா அண்ணாச்சி? அந்தம்மா அதுக்கும் ஒண்ணு சொல்லும். இப்பவே ஊத்துங்க."

ஊற்றினார். வண்டி வரவில்லை. வைகாசி வெயில். அடுக்களையில் நெருப்பு அணைந்தும் அனல் அடங்கவில்லை. வரும் வழியில், பேட்டையில் மாட்டுக்கு லாடம் கழன்று, லாடம் அடிக்கிறவனைத் தேடிப் பிடித்து அவர்கள் வந்து சேர விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது.

திண்டாட்டம் அங்கேதான் தொடங்கியது. மூடியைத் திறந்து பார்த்த தவசுப்பிள்ளை மறுபடி மூடிவிட்டார்.

"தாயி, இது வேண்டாம். கொட்டிருவோம். அரை நாழியில நல்ல புளிக்குழம்பு ஒண்ணு வச்சித் தாரேன்."

"மறுவீட்டுக்குப் புளிக்குழம்பா? முக்கூடல் பூராவும் என்னை வச்சிச் சிரிக்கவா?"

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாவ. வாடை வருது தாயி."

ஒரு கரண்டி உள்ளங்கையில் விட்டுச் சுவைத்தேன். புளிப்பு இருந்தது. சொதியில் எலுமிச்சை பிழிகிறோமே, புளிப்பு இல்லாமல் எப்படி இருக்கும் என்று சொன்னேன். அவரிடம் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா, தெரியாது. இன்னும் நாலு பழத்தை என் கையாலேயே பிழிந்து கலக்கினேன். "இஞ்சிப் பச்சடியைக் கூட ரெண்டு கரண்டி போடுங்க, எல்லாம் செமிச்சிரும்" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பரிமாறியது நான்.

சம்பந்தியம்மாள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். "இப்பத்தான் பொண்ணு குடுத்த வீடு மாதிரி இருக்கு" என்று அவர்கள் சொன்னபோது நான் தலை நிமிர்ந்து நின்றேன்.

எல்லாரும் எழுந்தபிறகு கடைசியாக என் பிள்ளை உட்கார்ந்தாள். அடியில் கெட்டியாக நின்றதை எல்லாம் வழித்து அவள் இலையில் விட்டேன். "நீங்க சாப்பிடலையா மதினி?" என்றாள். எனக்கு மிச்சம் இல்லை. அது தெரிந்து பாதியை ஒதுக்கி வைக்கப் பார்த்தாள். நான் அதட்டிச் சாப்பிட வைத்தேன்.

விடிவதற்குள் வந்தவர்களில் ஏழெட்டுப் பேருக்கு வாந்தியும் போக்கும். இரண்டு மூன்று நாளில் அவர்கள் எழுந்து நடமாடிவிட்டார்கள். அவள் எழவில்லை. வைத்தியர் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். "ஒரு வாய் தண்ணி மதினி" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் நனைத்த துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் உச்சியில் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே பேச்சு கிளம்பிவிட்டது. தவசுப்பிள்ளை ஈயம் பூசாத பித்தளை அண்டாவில் சமைத்தார், களிம்பு இறங்கிவிட்டது என்றார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. நான் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் "அப்படித்தானா?" என்று என்னைக் கேட்டபோது நான் அழுதேன். அழுதால் ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தே அழுதேன்.

ஒரு மாதம் கழித்துத் தவசுப்பிள்ளை எங்கள் வாசலுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் மூத்த மகளை விட்டு, அம்மா வீட்டுக்குத் தூரமாக இருக்கிறாள், வெளியே வரமாட்டாள் என்று சொல்லச் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. கதவைப் பார்த்துப் பேசினார். "ஒரு கல்யாண வீட்டுக்கும் என்னைக் கூப்பிட மாட்டேங்காவ தாயி. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். என்ன நடந்ததுன்னு சொல்ல வேண்டாம். பாத்திரம் சுத்தமா இருந்துதுன்னு மட்டும் சொல்லுங்க."

நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பைய நடந்து போனார். பிறகு ஏதோ சத்திரத்தில் தண்ணீர் இறைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு அவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

சொல்லிவிட்டால் மனசு ஆறும் என்பார்கள். அப்படி ஒன்றும் ஆறவில்லை. அவரும் இல்லை, அவளும் இல்லை, கேட்க வேண்டியவர்கள் ஒருவரும் இல்லை. அன்று கதவுக்குப் பின்னால் வாயைத் திறக்காதவள் எழுபத்தாறில் எழுதி யாருக்கு என்ன?

இருந்தாலும் எழுதினேன். அந்த அண்டாவுக்கு விருந்துக்கு முதல் நாள்தான் ஈயம் பூசியிருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால் வெள்ளையாக மின்னியது.

ஏட்டி, இங்கன ஆச்சி பக்கத்துல வந்து உக்காரு. நான் எழுதினதை முதல்ல இருந்து வாசி பாப்போம். எழுத்து தப்பா இருந்தா இருக்கட்டும். அண்டா விஷயத்தை நான் சரியா எழுதியிருக்கேனான்னு மட்டும் எனக்குக் கேக்கணும்.