யாருக்கும் விலக்கு கிடையாது

சங்கமித்ராவின் கைப்பையில் பர்ஸ் இல்லாத நாள் உண்டு, டேப் இல்லாத நாள் கிடையாது. துணி அளக்கிற டேப் இல்லை. மேஸ்திரிகள் இடுப்பில் செருகிக்கொள்ளும் இரும்பு டேப். ஒரு கட்டுமானக் கம்பெனியின் டிராயிங் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்தி மேஜைகளுக்கு நடுவே பரிமாறுகிறவர் நடக்க இடம் போதாது என்று சொல்லிவிட்டுத்தான் இலை முன்னால் உட்காருவார். சொல்லாமல் சாப்பிட்டால் செரிக்காது அவருக்கு.

அது அப்பா வழி வந்த குணம். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரமுட்டு நிறுத்துகிற வேலை பார்த்தவர் அப்பா. ஓர் அங்குலம் தப்பினால் மேலே இருப்பதெல்லாம் தலையில் இறங்கிவிடும் என்று சாப்பாட்டு வேளையில் சொல்லிக்கொண்டே இருப்பார். புத்தர் படத்துக்கு முன்னால் உட்காரவைத்து மகளுக்கு இந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். பெயரில் இருக்கிற சாந்தம் மகளிடம் அவ்வளவாக ஒட்டவில்லை. அங்குலம் ஒட்டிக்கொண்டது.

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஐந்து நிமிட நடையில் ஒரு குறுக்குத் தெரு. அதில் பதினாலு கட்டிடம். நடுவில் இருக்கிற பச்சைக் கதவு வீடு சங்கமித்ராவுடையது, பத்திரப்படி அவர் கணவர் தாஸுடையது. தாஸ் லேத் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். வீடு வாங்கின வருஷம், வாசலுக்கு ஏற நான்கு கருங்கல் படிகளை ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையாலேயே கட்டினார். மேஸ்திரி வேண்டாம் என்று பிடிவாதம். இருபத்தெட்டு வருஷமாகிறது, ஒரு கல் ஆடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாஸுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, கொஞ்சம் நிதானமாக. இடது கால் முழுதாகத் திரும்பவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார், ஜன்னலோரம் நிற்பார். அங்கிருந்து தெருமுனை டீக்கடையின் பலகை தெரியும். வீட்டிலிருந்து அறுபத்திரண்டு மீட்டர், சங்கமித்ரா அளந்திருக்கிறார். அந்தக் கடை பெஞ்சில் மறுபடி ஒரு நாள் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும் என்பது தாஸின் ஆசை. பிளாஸ்கில் வாங்கிவந்து கொடுத்தால், "இது டீ இல்ல மித்ரா, பார்சல்" என்பார்.

ஆனால் எப்படி நடப்பது? தெருவில் நடைபாதை என்று ஒன்று காகிதத்தில்தான் இருந்தது. காலி பெயிண்ட் டப்பாவில் சிமெண்டை ஊற்றி, நடுவில் ஒரு பைப்பைச் சொருகி, தன் வாசலுக்கு முன்னால் வைத்துவிட்டால் அந்த இடம் தன்னுடையது என்பது நம்மூரில் எழுதாத சட்டம். அந்தத் தெருவில் மட்டும் பதினேழு டப்பா இருந்தது. போதாததற்குப் பூந்தொட்டிகள், ஓடாத ஸ்கூட்டர் ஒன்று. மிச்ச இடத்தில் வண்டிகள் தாறுமாறாக நிற்கும். கால் நன்றாக இருப்பவர்களே பக்கவாட்டில் நழுவித்தான் போக வேண்டும்.

எனவே தெருவுக்குக் கட்டிட உரிமையாளர் சங்கம் அமைந்தபோது சங்கமித்ரா கேட்காமலே செயலாளர் ஆனார். நடைபாதை போட்டுத் தரச் சொல்லி வார்டு என்ஜினியரை நான்கு தடவை போய்ப் பார்த்தார். அவர் கடைசியில் வழிக்கு வந்தார். "எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே பிளான், பதினாலு ஓனர் கையெழுத்து. வர்ற பத்தாம் தேதிக்குள்ள கொண்டாங்க. தப்பினா அடுத்த வருஷம்தான் மேடம்."

அடுத்த வருஷம் வரை தாஸின் கால் என்ன ஆகுமோ. ஜன்னலோரத்தில் நின்று நின்று அவர் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. சங்கமித்ராவுக்கு அதுதான் பயம். பத்தாம் தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

தெரு முழுக்க அளந்தார். இரண்டு பக்கமும் ஐந்தடி நடைபாதை, வடக்குப் பக்கம் இருசக்கர வண்டிகளுக்குச் சாய்வுக் கோடுகள், கார்களுக்குத் தெருக்கோடியில் எத்திராஜ் பூட்டிப் போட்டிருந்த காலி மனை. துணிக்கடைக் கட்டிடக்காரர் எத்திராஜ் மனையைத் தர ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டியவர்கள் மறுநாள் முதல் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள்.

"பிளான் சூப்பர் மேடம். என் கடைக்கு முன்னாடி மட்டும் லோடு ஆட்டோ நிக்கிற மாதிரி ஒரு பத்தடி விட்டுடுங்க. யாருக்கும் சொல்ல வேணாம்" என்றார் எத்திராஜ்.

பல் டாக்டர் வீணாவுக்கு கிளினிக் வாசலில் ஒரு கார் இடம் வேண்டும். "பேஷண்ட் வாயப் பிடிச்சுக்கிட்டு எவ்ளோ தூரம் நடப்பாங்க ஆன்ட்டி?"

எதிர்வீட்டு கிளிஃபர்டுக்கு எழுபத்தாறு வயது. அவருடைய கார் விற்று ஒன்பது வருஷம் ஆகிறது. கார் நின்ற இடத்தைப் பூந்தொட்டிகள் காவல் காத்துக்கொண்டிருந்தன. "தொட்டி ரெண்டடிதாம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணக்கூடாதா?" என்றார்.

சங்கமித்ரா யாரிடமும் முடியாது என்று சொல்லவில்லை. காபி கொடுத்து, கேட்டதையெல்லாம் அடியில் இருப்பது தெரிகிற ஒரு டிரேசிங் தாளில் சிவப்பில் குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை வரைபடத்தின் மேல் விரித்தார். தெரு இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே, டப்பாவுக்கு டப்பா பிசகாமல் இருந்தது.

"இதுக்கு நாம சங்கம் வெச்சிருக்கவே வேணாமே" என்றார்.

முதலில் எத்திராஜ்தான் சிரித்தார். பிறகு எல்லோரும் அசடு வழியச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் சங்கமித்ரா எழுந்து நின்று, யாருக்கும் விலக்கு கிடையாது, டாக்டராக இருந்தாலும் சரி, வயசானவராக இருந்தாலும் சரி என்றார். கிளிஃபர்டின் தொட்டிகளுக்கு மட்டும் தனியாகக் கால் மணி நேரம் நடந்தது. அடுத்தவர் நடக்கிற இடத்தில் செடி வளர்ப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். பாவம், அந்த மனுஷர் ஒரு தரம் பச்சைக் கதவு வீட்டுப் பக்கம் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். மறுநாள் தொட்டிகளெல்லாம் அவர் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டன.

ஏழாம் தேதிக்குள் பதிமூன்று கையெழுத்தும் வந்துவிட்டது. பதினாலாவது தாஸுடையது. அன்று சாயங்காலம் சங்கமித்ரா வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, பேனாவை அவர் கையில் கொடுத்தார். உலகத்தையே ஜெயித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது சங்கமித்ராவின் முகம்.

தாஸ் கையெழுத்துப் போடவில்லை. வரைபடத்தில் டீக்கடையைத் தேடிக் கண்டுபிடித்தார். அங்கிருந்து விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து, தன் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"நம்ம படி எங்க, மித்ரா?"

சங்கமித்ரா குனிந்து பார்த்தார். வீட்டு முகப்பு நேர்க்கோடாக இருந்தது. நடைபாதை அதை உரசிக்கொண்டு, தடையே இல்லாமல் போனது. கதவைத் திறந்து வெளியே போய் டேப்பை இழுத்தார். படிகள் தெருவுக்குள் இரண்டே முக்கால் அடி நீட்டிக்கொண்டிருந்தன. கிளிஃபர்டின் தொட்டிகளைவிட முக்கால் அடி அதிகம்.

முப்பத்தோரு வருஷத்தில் ஒரு கழிவறைக் கதவைக்கூடத் தப்பாகப் போடாத கை. ஊரார் வாசலில் இருப்பதெல்லாம் ஆக்கிரமிப்பு, தன் வாசலில் இருப்பது வீடு என்று அந்தக் கைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. வேண்டுமென்று செய்யவில்லை, அதுதான் அவரை இன்னும் சுட்டது. படியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே வந்தபோது தாஸ் அதே இடத்தில்தான் இருந்தார். "இடிச்சிடு" என்றார்.

"இன்னா பேசறீங்க? உங்க கையால கட்டினது. ஆறு வாரம்."

"ரெண்டு வருஷமா நான் அதுல இறங்கலயே, மித்ரா."

சங்கமித்ராவுக்கு அழுகை வந்தது, அழுதார். நடைபாதைக்காகத் தெருவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவருக்கு, அந்த நடைபாதைக்கு தாஸ் எப்படி இறங்கப்போகிறார் என்று ஒரு நாள் கூடத் தோன்றவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பென்சிலை எடுத்தார். நான்கு படி, ஏழேழு அங்குலம், மொத்தம் இருபத்தெட்டு அங்குல உயரம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளச் சரிவு வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் சொந்தச் சந்து இருக்கிறதே, அதன் நீளம் பின்கதவிலிருந்து தெருவரை முப்பதடி. போதும். முன்வாசல் கதவு இனி ஜன்னல்.

வரைபடம் மாறினால் கையெழுத்துகள் செல்லாது. மறுநாள் காலை புதுப் பிரதியை எடுத்துக்கொண்டு முதலில் கிளிஃபர்ட் வீட்டுக்குத்தான் போனார். நின்றுகொண்டே சொன்னார்.

"அங்கிள், நான் தப்புப் பண்ணிட்டேன். எங்க படிய பிளான்ல போடவே இல்ல. உங்கள அவ்வளவு பேசினேன்."

கிளிஃபர்ட் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். "தெரியும்மா. முதல் கூட்டத்திலேயே பார்த்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"தாஸ் கட்டின படி. அவன் கல்ல தூக்கினப்ப இந்தப் பக்கத்துல நின்னு பார்த்தவன் நான். இப்ப அவன் இருக்கிற நிலைமைல அதை இடின்னு எந்த வாயால சொல்றது?" அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். "எல்லாருக்கும் தெரியும். என்ஜினியர் கேட்டா நாம பேசிக்கலாம்னு எத்திராஜ் சொன்னான். டாக்டர் பொண்ணும் சரின்னுது."

தனக்கு ஒரு விலக்குக் கேட்டு ஒவ்வொருவரும் வந்தார்கள், திட்டு வாங்கினார்கள். அவருக்கு மட்டும், அவர் கேட்காமலே, பதிமூன்று பேரும் சேர்ந்து ஒரு விலக்கைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார்கள். சங்கமித்ராவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதே நேரத்தில் இந்த அழுக்குத் தெருவைப் போல ஒரு இடம் பெங்களூரில் வேறெங்கும் இல்லை என்றும் தோன்றியது. வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ஒன்பதாம் தேதி மத்தியானம் பதினாலு கையெழுத்தோடு வரைபடம் என்ஜினியர் மேஜையில் இருந்தது.

படிகளை இடிக்க இரண்டு நாள் ஆனது. தாஸ் ஜன்னலிலிருந்து மேற்பார்வை பார்த்தார். மூன்றாவது கல் எளிதில் பெயரவில்லை என்று ஆட்கள் அலுத்துக்கொண்டபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாஸ் வாக்கரோடு சந்துச் சரிவில் இறங்கிப் புது நடைபாதைக்கு வந்தார். சங்கமித்ரா பக்கத்தில் நடந்தார், தொடாமல். டப்பாக்கள் இல்லாத தெரு அகலமாக இருந்தது. முப்பது மீட்டரில் தாஸுக்கு மூச்சு வாங்கியது. பாதி வழியில், நடைபாதையின் ஓரத்தில், ஒரு பிரம்பு நாற்காலி போடப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் கிளிஃபர்ட், ஒன்றும் தெரியாதவர் போல மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

தாஸ் உட்கார்ந்தார். துணிக்கடை வாசலில் எத்திராஜும் கிளினிக் வாசலில் வீணாவும் சங்கமித்ராவையே பார்த்தார்கள். நடைபாதையில் பொருள். அதுவும் இவர் கண் முன்னால்.

சங்கமித்ரா கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். நாற்காலியை அளந்தார், ஒன்றே முக்கால் அடி. மீதி இடத்தை அளந்தார், மூன்றே கால். பையிலிருந்த வரைபடப் பிரதியை முழங்காலில் வைத்து, அந்த இடத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் 'நாற்காலி' என்று எழுதினார்.

"போட்டாச்சா?" என்று கேட்டார் தாஸ். "அப்ப கையக் கொடு. இன்னும் பாதித் தெரு இருக்குது."