ஒரே தொட்டி, ஒரே பீடிக்கட்டு

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவருடைய கைகளைப் பார்த்திருப்பீர்கள். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். பெண் பார்க்க வந்த அன்று பச்சை என்று அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அப்பா பிறந்தது சோமனூருக்குப் பக்கத்தில், வயல்காட்டு வேலைக்குப் போகும் கூலிக் குடும்பத்தில். அப்பாவும் அவருடைய தம்பியான எங்கள் சித்தப்பாவும் மீசை அரும்பும் முன்பே சாயப்பட்டறையில் சேர்ந்தார்கள். இருவருக்கும் ஒரே தொட்டி, ஒரே பீடிக்கட்டு. கையுறையை அந்தக் காலத்தில் அங்கே யாரும் கண்டதில்லை. அந்தச் சம்பளத்தில்தான் அண்ணனும் நானும் படித்தோம். அப்பா யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. சித்தப்பாவிடம் மட்டும் தினமும் உயர்த்துவார், அது கணக்கில் சேராது.

ஒருநாள் அப்பாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். அப்பாவோ அம்மாவிடம், “பட்டறையில செவப்புச் சாயம் ஓடுது அம்மணி. உள்ள போனது எறங்குது, நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனார். சாயத் தொழிலாளிக்கு மட்டுமே தோன்றக்கூடிய சமாதானம் அது. தானாக நின்றது, சில வாரங்களில் மறுபடி வந்தது. அவருடைய துணிகளைத் துவைப்பவர் அம்மாதானே. “ஏனுங்க, இந்த வாரம் பனியனெல்லாம் நீலமா இருக்குது. உங்களுக்கு மட்டும் எப்படிங்க செவப்பாப் போகுது?” என்று கேட்டார். அன்றே இருவரும் கோயமுத்தூர் மருத்துவமனைக்குப் பஸ் ஏறினார்கள். சிறுநீர்ப்பையில் புற்றுநோய். நல்லவேளையாக ஆரம்ப நிலை.

அதே தொட்டியில் நின்ற சித்தப்பாவுக்கு ஏன் இல்லை என்பதே வீட்டில் எல்லாருடைய கேள்வியாக இருந்தது. சிலர் பாவ புண்ணியம் பேசினார்கள், எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பாவுக்குச் சிகிச்சை தந்த டாக்டரம்மாதான் பொறுமையாக விளக்கினார். சில சாயப் பொருள்களிலும் பீடிப் புகையிலும் உள்ள நச்சை முறித்து வெளியேற்றும் வேலை சிலர் உடம்பில் வேகமாகவும் சிலர் உடம்பில் மெதுவாகவும் நடக்குமாம். மெதுவாக நடந்தால் சிறுநீர்ப்பைக்குக் கெடுதல் அதிகம். அந்த வேகம் தாய் தந்தையிடமிருந்து வரும் மரபணுவைப் பொறுத்தது, ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள்ளும் அது மாறலாம்.

“மெதுவா இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்லீங்க. வேகமா இருந்தா வராதுன்னும் இல்லீங்க. சாயமும் பீடியும்தான் பெரிய காரணம். பொறப்புல வந்தது அதோட கொஞ்சம் சேந்துக்குது” என்றார்.

கூட வந்திருந்த சித்தப்பா பாதியைத்தான் கேட்டார். “அப்ப எனக்கு வேகமுங்க!” என்று வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார்.

“அப்பன் உட்டுப்போன ரெண்டு ஆட்ட ஆளுக்கு ஒண்ணாப் பங்கு பிரிச்சோம். ஒடம்ப யாருடா நமக்குப் பங்கு பிரிச்சுக் காட்டுனாங்க? ஒனக்கு எது வந்துதுன்னு ஒனக்குத் தெரியுமா?” என்று அப்பா கத்தினார்.

அப்பா அன்றோடு பீடியை விட்டார். சிகிச்சைக்குப் பிறகு பல ஆண்டுகள் நலமாக இருந்தார், பேத்தியைச் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார். கோயமுத்தூரில் ஒவ்வொரு முறை சோதனை முடிந்ததும் பக்கத்து ஓட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுத்தான் பஸ் ஏறுவார். அவருக்கு இருந்த ஒரே குறை, தம்பி பீடியை விடவில்லை, சோதனைக்கும் வரவில்லை என்பதுதான். கடைசியில் ஒரு காலை, கேட்ட காபி வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

கருமாதிப் படையலில் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது வழக்கம். அரிசிம்பருப்புச் சோறும் ஒப்புட்டும் வைத்தோம். பழைய நினைப்பில் யாரோ ஒரு பீடிக்கட்டையும் வைத்துவிட்டார்கள். “எங்கண்ணன் இத உட்டுப்போட்டாருங்க” என்று சித்தப்பா அதை எடுத்தார். பிறகு தன் சட்டைப் பையில் இருந்த கட்டையும் எடுத்து, இரண்டையும் சேர்த்துக் குப்பையில் போட்டார். அதுவரை அடக்கி வைத்திருந்த நான் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

அப்பாவுக்கு நல்ல ஆண்டுகளைத் தந்த டாக்டரம்மாவுக்கும் செவிலியர்களுக்கும், மருத்துவமனையில் முறை வைத்துத் துணைக்கு இருந்த பட்டறை நண்பர்களுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நீலப் பனியனைப் பார்த்துக் கேள்வி கேட்ட அம்மாவுக்குத் தனி நன்றி.

சென்ற மாதம் சித்தப்பாவைச் சோதனைக்கு அழைத்துப் போனேன். ஒன்றும் இல்லை என்றார்கள். வெளியே வந்ததும் நேராக அப்பா வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலுக்குள் நுழைந்து உட்கார்ந்தார்.

“நெய் ரோஸ்ட் ரெண்டாச் சொல்லு கண்ணு. அண்ணன் பங்கையும் நானே தின்னுக்கறேன்.”

அன்பு மகள்